ஜிம்னியின் நடுக்கமும் நான் இழந்த ஏழு வாரமும்

போன வருடம் ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, சிங்கப்பூரின் செலித்தார் விரைவுச்சாலையில் என் ஜிம்னி வண்டியில் ஈசூன் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். மணிக்கு 70 கிலோமீட்டரைத் தொட்டதும் சாலையில் இருந்த ஒரு சின்ன இணைப்பின் மேல் முன்சக்கரம் ஏறி இறங்கியது. அவ்வளவுதான், ஸ்டீயரிங் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. மெல்லிய அதிர்வாக இருந்தால் டயர் பேலன்ஸ் என்று நினைத்திருப்பேன். இது முன்பக்கம் முழுவதையும் யாரோ பிடித்து உலுக்குவது மாதிரி இருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த தண்ணீர் பாட்டில் கீழே விழுந்து உருண்டது. பின்னால் என் மகன் தூங்கிக்கொண்டிருந்தான், அவன் விழித்து "அப்பா, என்னப்பா?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லக்கூட வாய் வரவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, 50க்குக் கீழே வேகம் இறங்கிய பிறகுதான் ஆட்டம் நின்றது. அன்றைக்கு எனக்குத் தெரியாத ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இப்படி ஆடும்போது பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். உறுதியாகப் பிடித்துக்கொண்டு, காலை எடுத்து, வேகம் தானாக இறங்கட்டும், சிக்னல் போட்டு இடது பக்கம் ஒதுங்குங்கள்.

வண்டி சுஸுக்கி ஜிம்னி, ஜேபி43 மாடல், 1.3 லிட்டர், மேனுவல் கியர், 2012இல் பதிவானது. ஏணி மாதிரியான சட்டம், முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஓடும் ஆக்சில், காயில் ஸ்பிரிங். சிங்கப்பூரில் அதை ஓட்டிக் காட்ட இடமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். நானும் இரண்டு நண்பர்களும் இரண்டு மூன்று மாதத்திற்கு ஒருமுறை கடற்பாலம் தாண்டி மலேசியாவில் கோத்தா திங்கி பக்கம் போவோம், செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதைகள், சில இடங்களில் ஓடை. மார்ச்சில் போனபோது ஓடைத் தண்ணீர் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேலேயே இருந்தது. இரண்டு மணி நேரம் ஓட்டிச் சூடான வண்டியை நேராக அதில் இறக்கினேன். சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீருக்குள் போனால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். மூச்சுக்குழாய் என்று ஒன்று, பிரீதர், ஆக்சிலின் மேலே இருக்கிறது, அது சேற்றில் அடைத்திருந்தால் காற்றுக்குப் பதில் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துவிடும். எனக்கு இது அப்போது தெரியாது. வீட்டுக்கு வந்து பெட்ரோல் நிலையத்தில் வெளியே பளபளப்பாகக் கழுவிவிட்டு, அடியில் குனிந்துகூடப் பார்க்காமல் நிறுத்திவிட்டேன்.

ஆட்டம் வந்த மறுநாளே ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். சக்கரம் பேலன்ஸ், அலைன்மென்ட் என்று 120 சிங்கப்பூர் வெள்ளி. இரண்டு நாள் நன்றாக இருந்த மாதிரி தோன்றியது, மூன்றாம் நாள் மறுபடியும். டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது என்றார்கள், உண்மைதான், நாலு டயரும் மாற்றினேன், அசல் அளவான 205/70 ஆர்15தான், 760 வெள்ளி. ஒரு வாரம் நிம்மதி. பிறகு மீண்டும் ஆட்டம். அடுத்து ஸ்டீயரிங் டேம்பர் போய்விட்டது என்று புதிதாக ஒன்று மாட்டினார்கள், கூலியோடு 380 வெள்ளி. இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது, அவர்கள் மேல் உள்ளதைவிட என் மேல். டேம்பர் என்பது ஸ்டீயரிங் தண்டோடு இணைந்திருக்கும் ஒரு ஷாக் அப்சார்பர், அது ஆட்டத்தை அமுக்கும், ஆட்டம் எங்கிருந்து வருகிறதோ அதைத் தொடாது. புது டேம்பர் போட்டதும் ஒரு மாதம் வண்டி ஒழுங்காக ஓடியது, அந்த ஒரு மாதமும் உள்ளே பேரிங் அரைபட்டுக்கொண்டே இருந்தது. ஒரே தண்டு ஆக்சில் உள்ள எந்த வண்டியிலும் இந்த நடுக்கம் வந்தால், டேம்பரில் ஆரம்பிக்காதீர்கள். யாராவது அதை முதலில் சொன்னால், "அதற்கு முன் வேறு எதையெல்லாம் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள்.

மே மாதக் கடைசியில் நடுக்கம் திரும்பி வந்தபோது இன்னொரு ஒர்க்‌ஷாப். அங்கே இருந்த வயதான மெக்கானிக் ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்தார், அதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியது. முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்துவிட்டு, சக்கரத்தை மேலேயும் கீழேயும், கடிகாரத்தில் 12க்கும் 6க்கும், பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். 'டக் டக்' என்று ஒரு ஆட்டம். என்னை உள்ளே உட்காரச் சொல்லி பிரேக்கை மிதிக்கச் சொன்னார், மறுபடி அசைத்தார். ஆட்டம் அப்படியே இருந்தது. பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் அது சக்கர பேரிங். மிதித்த பிறகும் நிற்கவில்லை என்றால் கிங்பின் பேரிங், அதாவது சக்கரம் இடம் வலம் திரும்புவதற்கு மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு பேரிங். பிறகு 9க்கும் 3க்கும் பிடித்து அசைத்தார், அது டைராட், அதாவது இரண்டு முன்சக்கரங்களையும் இணைத்துத் திருப்பும் தண்டின், முனைகளைச் சோதிக்க. கடைசியாக வண்டியைத் தரையில் இறக்கி, இஞ்சின் ஓட, என்னை ஸ்டீயரிங்கைச் சிறிது சிறிதாக இடம் வலம் திருப்பச் சொல்லி, ஆக்சிலைச் சட்டத்தோடு குறுக்காகப் பிடித்திருக்கும் பான்ஹார்ட் ராடின் ரப்பர் புஷ் நகர்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். அவ்வளவுதான் சோதனை. இதை ஏப்ரலில் யாராவது செய்திருந்தால் நான் 1,260 வெள்ளியைத் தூக்கிக் கொடுத்திருக்க மாட்டேன். டயர் எப்படியும் மாற்ற வேண்டியதுதான், அதை நட்டக் கணக்கில் முழுதாகச் சேர்க்க மாட்டேன், ஆனாலும் அன்றைக்கு அதற்கு அவசரம் இல்லை.

இரண்டு பக்கமும் கிங்பின் பேரிங், சீல் எல்லாம் மாற்ற 2,400 வெள்ளி என்றார். நியாயமான விலைதான் என்று இப்போது தோன்றுகிறது, அன்றைக்குத் தோன்றவில்லை. ஏற்கெனவே செலவழித்த எரிச்சல். சரி, நாமே செய்து பார்ப்போம் என்று முடிவெடுத்தேன். நான் வேலையில் பம்ப், வால்வு எல்லாம் கழற்றி மாட்டுகிறவன், பேரிங் எனக்குப் புதிதல்ல, அந்தத் தைரியம். ஆனால் ஒன்றை யோசிக்கவில்லை. வேலையில் என்னிடம் கிரேன் இருக்கிறது, கையேடு இருக்கிறது, ஸ்டோரில் உதிரிபாகம் இருக்கிறது, பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் இருக்கிறார். வீட்டில் இந்த நாலில் ஒன்றுகூட இல்லை.

முதலில் இடம். வீவக, அதாவது அரசு அடுக்குமாடி வீடுகளின், கார் நிறுத்துமிடத்தில் வண்டியைப் பிரித்துப் பழுதுபார்க்க அனுமதி இல்லை, அதோடு அடுத்த வீட்டுக்காரரின் கார் மேல் கிரீஸ் தெறித்தால் என்ன செய்வது? எனவே சிராங்கூன் கார்டன்ஸில் தரைவீட்டில் இருக்கும் தாய்மாமாவிடம் கேட்டேன். "வாடா, எத்தனை நாள்?" என்றார். "ரெண்டு வாரக் கடைசி, மாமா, நாலே நாள்" என்றேன். அவர் தன்னுடைய காரைத் தெருவில் நிறுத்திவிட்டு எனக்கு முற்றத்தைக் கொடுத்தார். அந்த நாலு நாள் 49 நாளாகப் போனது. அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் ஐந்தாவது வாரத்தில் துணி காயப்போட இடமில்லாமல் அவர் வீட்டுக்குள் நாற்காலிகளில் விரித்து வைத்திருந்ததைப் பார்த்து எனக்கு உடம்பு கூசியது.

இங்கே வண்டி ஒரு நாள் நின்றால் என்ன செலவு என்பதை நம்மில் பலர் கணக்குப் பார்ப்பதில்லை. என் வண்டிக்குப் பத்து வருடம் முடிந்ததும், 2022இல், சிஓஇயை, அதாவது இங்கே வண்டி வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழை, ஐந்து வருடத்திற்குப் புதுப்பித்தேன், சுமார் 35,000 வெள்ளி. ஐந்து வருடத்திற்குப் புதுப்பித்தால் அதோடு முடிந்தது, மறுபடி நீட்டிக்க முடியாது. அதை நாட்களால் வகுத்தால் ஒரு நாளைக்கு 19 வெள்ளி. ஓடினாலும் நின்றாலும் அந்த 19 வெள்ளி கரைகிறது. 49 நாளுக்குக் கிட்டத்தட்ட 940 வெள்ளி. அதற்கு மேல் காப்புறுதி, பத்து வருடம் தாண்டியதால் கூடுதல் விகிதத்தில் கட்டும் சாலை வரி, ஈசூனில் காலியாகக் கிடந்த என் நிறுத்துமிடத்துக்கு மாதம் 110 வெள்ளி. மலேசியாவிலோ ஆஸ்திரேலியாவிலோ ஒருவர் வண்டியைக் கொட்டகையில் ஆறு மாதம் பிரித்துப் போட்டுவிட்டு நிதானமாகச் செய்யலாம், காணொளிகளில் அப்படித்தான் செய்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. ஆகவே இங்கே வீட்டில் வேலை செய்கிறவர்களுக்கு முதல் விதி, எல்லா உதிரிபாகமும் கைக்கு வந்து, ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, அளந்து, அதன் பிறகுதான் முதல் நட்டைத் தளர்த்த வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன்.

முதல் சனிக்கிழமை நடந்ததை இதுவரை என் மனைவியிடம் சொல்லவில்லை, இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். மாமா வீட்டு முற்றம் பீங்கான் டைல்ஸ், கேட் பக்கம் லேசாகச் சரிவு, மழைத்தண்ணீர் வடிவதற்கு. கண்ணால் பார்த்தால் சரிவு தெரியாது. இடது முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, வண்டியை ஜாக்கின் மேலேயே விட்டுவிட்டேன், ஸ்டாண்ட் பக்கத்தில்தான் இருந்தது, "இந்த ஒரு போல்ட்டைத் தளர்த்திவிட்டு வைப்போம்" என்று நினைத்தேன். துருப்பிடித்த போல்ட். நீண்ட பாரைப் போட்டு உடம்பு எடையை எல்லாம் கொடுத்து இழுத்தேன். வண்டி ஒரு விரற்கடை நகர்ந்தது. ஜாக் சாய்ந்தது. டைல்ஸ் உடைகிற சத்தம் முதலில் கேட்டது, அதற்குப் பிறகுதான் வண்டி இறங்கியது. பிரேக் டிஸ்க்கின் விளிம்பு தரையில் குத்தி நின்ற இடத்துக்கும் என் வலது பாதத்துக்கும் ஒரு சாண் இருக்கும். நான் எழுந்து போய் மாமா வீட்டு வாசல்படியில் உட்கார்ந்தேன். கை நடுங்கியது, ஒரு டம்ளர் தண்ணீரை ஒழுங்காகப் பிடிக்க முடியவில்லை. மாமாவும் அத்தையும் கோயிலுக்குப் போயிருந்தார்கள், வீட்டில் ஆளே இல்லை. கால் மாட்டியிருந்தால் யார் வந்து தூக்கியிருப்பார்கள்?

அதனால் இதைக் கெஞ்சியே கேட்கிறேன். ஜாக் தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. தூக்கிய அடுத்த நொடி ஸ்டாண்ட் போக வேண்டும், ஆக்சிலின் அடியிலோ சட்டத்தின் அடியிலோ. டைல்ஸ் தரையானால் கீழே தடிமனான பிளைவுட் பலகை போடுங்கள், எடை பரவும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. இறுக்கமான போல்ட்களை எல்லாம் வண்டி தரையில் நாலு காலில் நிற்கும்போதே கால் சுற்று தளர்த்திவிடுங்கள். கழற்றிய சக்கரத்தைச் சும்மா சுவரோரம் சாய்த்து வைக்காமல் சட்டத்தின் அடியில் படுக்கப் போடுங்கள், எல்லாம் தவறினாலும் வண்டி அதன் மேல் இறங்கும். இவை எல்லாவற்றையும்விட, வீட்டில் ஒரு ஆள் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள், அவருக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை, ஃபோன் அடிக்கத் தெரிந்தால் போதும்.

மறு வாரம் நக்கிளைத் திறந்தேன். முன் ஆக்சிலின் முனையில் ஒரு பெரிய உலோக உருண்டை இருக்கும், அதைக் கவ்விக்கொண்டு திரும்பும் உறைதான் நக்கிள். உள்ளே இருக்க வேண்டியது கெட்டியான கிரீஸ். பின்பக்க சீல் தகட்டைக் கழற்றியதும் வழிந்து வந்தது தேத்தண்ணீர் நிறத்தில், பாலூற்றிக் கலக்கிய தே மாதிரி ஒரு கூழ். விரலில் தொட்டுத் தேய்த்தால் நறநறவென்று மண். ஓடைத் தண்ணீர், செம்மண், கிரீஸ், அதோடு டிஃப்பிலிருந்து, அதாவது ஆக்சிலின் நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டியிலிருந்து, கசிந்த கியர் ஆயில், எல்லாம் ஒன்றாக. கீழ் கிங்பினை உருவி பேரிங்கை வெளியே எடுத்தேன், உருளைகள் கருத்துப்போயிருந்தன. அது உட்காரும் கிண்ணத்தைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, உள்சுவரில் சீரான இடைவெளியில் மெல்லிய கோடுகள், ஒவ்வொரு உருளையும் தன் தடத்தைப் பதித்து வைத்திருந்தது. நகத்தால் வருடினால் ஒவ்வொரு கோட்டிலும் நகம் தட்டுப்பட்டது. நேராக ஓட்டும்போது உருளைகள் எப்போதும் ஒரே இடத்தில் நின்று அடி வாங்குவதால் வரும் தேய்மானம் இது. அந்தக் கோடுகளைப் பார்த்தபோது ஒரு பக்கம் வயிற்றைக் கலக்கியது, இன்னொரு பக்கம் நிம்மதி. மூன்று மாதமாக எதைத் தேடினோமோ அது கையில் இருந்தது.

ஆனால் இங்கேதான் மாட்டிக்கொண்டேன். இணையத்தில் வாங்கிய கிட்டில் பேரிங்கும் வெளி சீலும் சரியாக இருந்தன, ஆக்சில் குழாயின் முனையில் போகும் உள் சீல் மட்டும் விட்டம் சற்றுச் சிறியது. விற்றவர் 'ஜிம்னிக்கு' என்று மட்டும்தான் போட்டிருந்தார். ஜிம்னி என்ற பெயரில் எத்தனை மாடல் வந்திருக்கின்றன, ஜப்பானில் ஓடும் 660 சிசி வண்டியும் ஜிம்னிதான். பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். வண்டியின் சேசி எண்ணைக் கொடுத்து அதற்குரிய பாக எண்ணைக் கண்டுபிடித்து, அந்த எண்ணைக் கொண்டு மட்டும் வாங்குங்கள். தவறாக வந்ததற்கு 95 வெள்ளி போனது, சரியானது ஜப்பானிலிருந்து வர 16 நாள். பழைய சீலையே திரும்பப் போட்டுவிடலாமா என்று ஒரு மாலை உட்கார்ந்து யோசித்தேன். அந்த சீல் கசிந்ததால்தான் டிஃப் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்திருக்கிறது, அதையே திரும்பப் போட்டால் செய்த வேலை எல்லாம் தண்டம். காத்திருந்தேன்.

அந்த நாட்களில் தினமும் மாலை மழை. ஓரமாக வைத்திருந்த ஒரு பழைய டயருக்குள் தண்ணீர் தேங்கியிருந்ததை மாமாதான் பார்த்தார். "டேய், கொசுப்புழு வந்தா அபராதம் எனக்குத்தான் வரும்" என்றார், கோபமாக இல்லை, ஆனால் சரியாகச் சொன்னார். டெங்கிப் பரிசோதனைக்கு அதிகாரிகள் தரைவீடுகளுக்கு வந்து போவது வழக்கம். டயர், எண்ணெய்த் தட்டு, கழற்றிய உறைகள், எதிலெல்லாம் தண்ணீர் நிற்குமோ அதையெல்லாம் கவிழ்த்து வையுங்கள் அல்லது மூடி வையுங்கள். கழற்றிய பாகங்களை நான் சாப்பாட்டு டப்பாக்களில் போட்டு இடது, வலது, மேல், கீழ் என்று எழுதி ஒட்டி வைத்திருந்தேன், இந்த ஒன்றை மட்டும் ஆரம்பத்திலிருந்தே சரியாகச் செய்தேன்.

முக்கியமாக ஷிம்கள். கிங்பினுக்கும் நக்கிளுக்கும் நடுவே காகித மெல்லிசில் தகடுகள் இருக்கும், அவைதான் பேரிங் எவ்வளவு இறுக்கமாக உட்கார வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. மேலே எத்தனை, கீழே எத்தனை, எந்தத் தடிமன் என்று எழுதி, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தகட்டைக் குறைத்தால் இறுக்கம் கூடும், கூட்டினால் தளரும். சரியான இறுக்கத்தை எப்படி அறிவது? டைராடையும் சீலையும் மாட்டுவதற்கு முன், டைராட் போகும் துளையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கிபோட்டு இழுத்து, நக்கிள் திரும்ப ஆரம்பிக்கும்போது தராசு என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும், அந்த அளவு பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கிறது. முஸ்தஃபா கடையில் பயணப் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு வாங்கி வந்தேன், அருமையாக வேலை செய்தது. வலது பக்கம் பழைய ஷிம்களோடேயே அளவு சரியாக வந்தது. இடது பக்கம் தளர்வாக இருந்தது, ஒரு மெல்லிய தகட்டை எடுத்ததும் எல்லைக்குள் வந்துவிட்டது. நக்கிளைக் கையால் திருப்பினால் தேனுக்குள் கரண்டியைத் திருப்புவது மாதிரி, கனமாக, ஒரே சீராக, எங்கும் தட்டாமல் திரும்பியது. அந்த இரவு பத்து மணிக்கு முற்றத்தில் தனியாக உட்கார்ந்து அதை இடமும் வலமும் எத்தனை முறை திருப்பிப் பார்த்தேன் என்று தெரியாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். ஹப்பின், அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பகுதியின், உள்ளே இருக்கும் பெரிய பூட்டு நட்டுக்கு அதற்கென்று உள்ள சாக்கெட் வேண்டும், நான் முதல் நாள் உளியும் சுத்தியலுமாகத் தட்டி அதன் விளிம்பைக் கெடுத்தேன், அப்படிச் செய்யாதீர்கள். பிரேக் காலிப்பரைக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வையுங்கள். ஏபிஎஸ் சென்சர் துருவில் ஒட்டியிருந்தால் நெம்பாதீர்கள், துரு நீக்கும் எண்ணெயை ஓர் இரவு ஊறவிட்டு மெதுவாகத் திருகி எடுங்கள். ஆக்சில் தண்டை உள்ளே செருகும்போது அதன் பற்கள் புது சீலின் உதட்டை உரசக்கூடாது, ஒரு கையால் அடியில் தாங்கிக்கொண்டே நுழைக்க வேண்டும், இதற்கு இரண்டாவது ஆள் அவசியம், மாமா வந்து பிடித்தார், அறுபத்தெட்டு வயதில் முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து. டிஃப் ஆயிலை வடிக்கும் முன் ஊற்றும் மூடியை முதலில் திறந்து பாருங்கள். வடித்த பிறகு மேல் மூடி துருவேறித் திறக்கவில்லை என்றால் ஆயில் இல்லாத வண்டியோடு நடுவில் நிற்பீர்கள்.

எல்லாம் மாட்டி முடித்து, நான்கு சக்கர இயக்கப் பொத்தானை அழுத்தினால் விளக்கு நிலையாக எரியாமல் மின்னிக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இந்த மாடலில் முன் ஹப்கள் வெற்றிடத்தால் இழுக்கப்பட்டுப் பூட்டிக்கொள்பவை, எங்காவது காற்று கசிந்தால் பூட்டாது, விளக்கு மின்னும். மறுபடி பிரித்தேன். வலது ஹப் மூடியின் ஓ-ரிங், அதாவது காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், பழைய கிரீஸோடு சேர்ந்து துணியில் ஒட்டிக்கொண்டு குப்பைப் பைக்குள் போயிருந்தது. பையைக் கொட்டித் தேடி எடுத்தேன். துடைத்த துணிகளை வேலை முழுதாக முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள்.

பழைய ஆயிலை எந்தக் காரணத்துக்காகவும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அது சட்டப்படி குற்றம், அதோடு இங்கே வடிகால் தண்ணீர் பெரும்பாலும் நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகிறது, நாம் குடிக்கும் தண்ணீர் அது. வந்த பாட்டில்களிலேயே ஊற்றி மூடி, அந்த வயதான மெக்கானிக்கிடமே கொண்டுபோனேன், தங்கள் கழிவு எண்ணெயோடு சேர்த்து அனுப்பிவிடுவதாக வாங்கிக்கொண்டார். அங்கேயே அலைன்மென்டும் பார்த்தேன், 60 வெள்ளி. இந்த வகை முன் ஆக்சிலில் சக்கரங்களின் உள்வாட்டம், அதாவது முன்முனைகள் எவ்வளவு உள்நோக்கித் திரும்பியிருக்கின்றன என்பது, மட்டும்தான் சரிசெய்ய முடியும் என்றும், அதற்கு மேல் எதையாவது சரிசெய்ததாகப் பணம் கேட்டால் கொடுக்காதே என்றும் சொன்னார். என் வேலையையும் 12-6 பிடித்து அசைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அது போதும் எனக்கு.

கணக்கு இதுதான். கோளாறு தெரியாமல் முதலில் செலவழித்த 1,260. பேரிங், சீல், கிரீஸ், ஆயில் 520. தவறான கிட் 95. ஜாக், ஸ்டாண்ட், சாக்கெட், நட்டை அளவான இறுக்கத்தில் முறுக்கும் டார்க் ரென்ச், தராசு 460. மாமா வீட்டு டைல்ஸ் 180, அவர் வேண்டாம் என்றார், நானே ஆள் பிடித்து மாற்றினேன். அலைன்மென்ட் 60. மொத்தம் 2,575 வெள்ளி, நின்ற நாட்களுக்கான 940ஐச் சேர்க்காமல். அதாவது ஏப்ரலிலேயே கோளாறு தெரிந்திருந்தால் 2,400 வெள்ளி கொடுத்து இரண்டு நாளில் முடித்திருக்கலாம். பணம் மிச்சமாகும் என்று மட்டும் நினைத்து இதில் இறங்காதீர்கள், முதல் தடவை மிச்சமாகாது. ஏப்ரலிலேயே 12-6 சோதனை செய்து, சரியான பாகங்களை வாங்கி வைத்துக்கொண்டு தொடங்கியிருந்தால் எனக்கே ஆயிரம் வெள்ளி சொச்சத்தில், இரண்டு வாரக் கடைசிகளில் முடிந்திருக்கும். கைத்திறன் குறைவால் எனக்குப் பெரிதாக எதுவும் நட்டமாகவில்லை. என்ன கோளாறு என்று தெரியாமலே காசு கொடுத்தது, பாகம் கைக்கு வராமலே பிரித்தது, இந்த இரண்டும்தான்.

ஆகஸ்டில் வருடாந்தரப் பரிசோதனையில் வண்டி தேறியது. இப்போது ஜொகூர் போய் வந்தால் மறுநாளே ஒரு மணி நேரம் ஒதுக்குகிறேன். அடிப்பகுதியில், குறிப்பாக நக்கிள் உருண்டைகளில், சேற்றைக் கழுவித் துடைத்து மெல்லிய கிரீஸ் பூசுகிறேன். டிஃப்பின் ஊற்றும் மூடியைத் திறந்து விரலை விட்டு ஆயில் நிறம் பார்க்கிறேன், பால் நிறம் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, அன்றைக்கே மாற்ற வேண்டும். பிரீதர் குழாயில் வாய் வைத்து ஊதிப் பார்க்கிறேன். ஓடைக்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் வண்டியை ஆறவிடுகிறேன், நண்பர்கள் பொறுமையில்லாமல் ஹார்ன் அடித்தாலும். சக்கரம் கழற்றி மாட்டினால் நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி டார்க் ரென்ச்சால் சரிபார்க்கிறேன்.

சிஓஇ 2027 ஆகஸ்டில் முடிகிறது. அதுவரை ஓட்டுவேன். பின் ஆக்சிலின் இடது சீலில் லேசாக ஈரம் தெரிகிறது, அதற்கான பாகம் மூன்று வாரத்துக்கு முன்பே வந்துவிட்டது, அளந்து பார்த்து அலமாரியில் வைத்திருக்கிறேன், மாமாவிடமும் ஒரே ஒரு சனிக்கிழமைதான் கேட்டிருக்கிறேன். அந்தப் பூட்டு நட்டு சாக்கெட்டும் கொக்கித் தராசும் என்னிடம் சும்மாதான் கிடக்கின்றன, ஜேபி43 வைத்திருக்கும் யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன், வந்து கூடவே உட்கார்ந்துகொள்ளவும் தயார்.